என் புளூபெர்ரிச் செடிகளில் குடியிருந்த பூஞ்சைகள்

மூன்றாவது கோடையில்தான் எட்டுச் செடிகளும் ஒழுங்காகக் காய்த்தன. காலையில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் ஒரு கிண்ணம் பறித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்படிப் பறித்த ஒருநாள், ஒரு காய் மட்டும் கைக்கு வேறு மாதிரி பட்டது. நீலமே ஏறவில்லை. வெளிறிய இளஞ்சிவப்பில் லேசாகச் சாம்பல் தடவியதுபோல ஒரு நிறம். அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தது. சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, கடுகளவு பூசணிக்காய் ஒன்று பட்டாணியளவுக்கு வளர்ந்ததுபோல் தெரிந்தது. "சொத்தை" என்று முணுமுணுத்துச் செடியடியிலேயே போட்டுவிட்டு அடுத்த கொத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கோடை முழுக்க அப்படி முப்பது காயாவது போட்டிருப்பேன். எல்லாவற்றையும் செடியடியிலேயே. மண்ணில் மக்கி உரமாகட்டுமே என்ற பெருந்தன்மை வேறு.

அது மக்கவில்லை. மக்குவதற்காக அது பிறக்கவும் இல்லை.

மறுவசந்தத்தில் செடிகள் துளிர்த்து இரண்டு வாரம் இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொழுந்துகள் தலை தொங்கிக் கிடந்தன. இலையின் நடுநரம்பை ஒட்டிப் பழுப்பு ஏறி, நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒருநாள் உறைபனி விழுந்திருந்தது. சரி, பனியில் கருகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பனி என்றால் செடியின் திறந்த பக்கம் முழுக்கக் கருகியிருக்க வேண்டும், இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு கொழுந்து விட்டு ஒரு கொழுந்து கருகாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தொங்கிய இலையின் காம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். தூசி என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் கிண்ணத்துக்கு வராமல் கீழே போனதும் ஏராளம். ஒரு பக்கத்துச் செடிகளில் மூன்றில் ஒரு பங்காவது அந்த இளஞ்சிவப்புக் காய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் மம்மி பெர்ரி என்று பெயர். எகிப்து மம்மிதான். காயைப் பதப்படுத்தி வைத்துவிடுகிறது என்பதால் அந்தப் பெயர். செய்வது மோனிலினியா வேக்சினி-கோரிம்போசி என்ற பூஞ்சை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கொத்துப் பறித்துவிடலாம்.

அது வேலை செய்யும் விதத்தைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் வந்தது. கீழே விழுந்த காயின் தோல் குளிர்காலத்தில் உரிந்து போகும். உள்ளே இருப்பது கறுத்துக் கெட்டியான ஒரு பூஞ்சைக் கட்டி. அதற்கு முளைக்கக் குளிர் வேண்டும். போதுமான குளிரை வாங்கிக்கொண்டு, செடியின் இலைமொட்டு விரியும் அதே வேளையில் அதிலிருந்து பழுப்பு நிறத்தில், ஊதுகுழல் வாய்போல விரிந்த சின்னக் கிண்ணங்கள் எழும்புகின்றன. பெரியது ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அவற்றிலிருந்து வித்துகள் காற்றில் கிளம்பி ஈரமான இளந்துளிர்மேல் உட்காருகின்றன. இரண்டு வாரத்தில் கொழுந்து வாடுகிறது. நான் பனிமேல் பழி போட்டேனே, அந்தக் கட்டம் இது.

இதற்கு அடுத்த கட்டம்தான் திருட்டுத்தனத்தின் உச்சம். பூஞ்சை இப்போது பூவுக்குப் போக வேண்டும். பூவுக்குப் போகும் வண்டி தேனீ. தேனீ வாடிய இலைக்கு ஏன் வரும்? வரவைக்கிறது. கருகிய இலையில் சர்க்கரைச் சத்து கசிகிறது, மணம் வருகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அந்த இடம் பூவைப்போல எதிரொளிக்கிறது. வண்டு, ஈ, தேனீ எல்லாம் பூ என்று நம்பி வந்து நக்கிவிட்டு, காலிலும் உடம்பிலும் அந்தச் சாம்பல் பொடியை, அதாவது பூஞ்சையின் வித்துகளை, ஒட்டிக்கொண்டு நிஜப் பூவுக்குப் போகின்றன. 1985-இல் லேக் ராஜ் பத்ரா, சுசான் பத்ரா என்ற இருவர் இதைச் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒருவர் பூஞ்சைகளை ஆராய்ந்தவர், மற்றவர் தேனீக்களை ஆராய்ந்தவர். இந்தக் கதைக்கு இரண்டு பேருமே தேவைப்பட்டிருக்கிறார்கள். பூஞ்சையை மட்டும் பார்க்கிறவர் தேனீயைக் கவனித்திருக்க மாட்டார், தேனீயை மட்டும் பார்க்கிறவர் வாடிய இலையைக் கவனித்திருக்க மாட்டார்.

பூவின் சூல்முடியில் விழுந்த வித்து, மகரந்தம் செய்கிற வேலையையே செய்கிறது. மகரந்தக்குழாய் போகிற வழியிலேயே இழை விட்டுக்கொண்டு சூலகத்துக்குள் இறங்கிவிடுகிறது. பூ வாடாது. பிஞ்சு நன்றாகவே பிடிக்கும். பச்சைக்காயாக இருக்கும்போது வெளியே பார்த்தால் பக்கத்துக் காய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் மட்டும் விதை இருக்க வேண்டிய அறைகளில் வெள்ளையாகப் பஞ்சு அடைத்திருக்கும். நான் அடுத்த வருடம் சந்தேகத்தின் பேரில் இருபது பச்சைக்காயை அறுத்தேன். நான்கில் பஞ்சு இருந்தது. அறுக்காமல் விட்டிருந்தால் நீலமாகும் என்று காத்திருந்திருப்பேன்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன், கெட்ட காய் கூடியதைப் பார்த்தவுடன் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்து செடி முழுக்க அடித்தேன். காய் ஏற்கெனவே உள்ளுக்குள் மம்மியாகிவிட்டது. அதன் தோல்மேல் மருந்து அடிப்பது, வண்டி போன பிறகு நிலையத்துக்குப் பூட்டுப் போடுவது மாதிரி. இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று அடிப்பதானால் மொட்டு பச்சை காட்டும் நாளிலிருந்துதான் அடிக்க வேண்டும். பூத்திருக்கும்போது எதை அடித்தாலும் தேனீ இருக்கிறதா என்று பார்த்து அடிக்க வேண்டும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். எட்டுச் செடிக்கு இத்தனை கணக்குப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஏக்கர் கணக்கில் போட்டவர்கள் செய்துதான் ஆக வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

நான் செய்தது மூடாக்கு. இலை உதிர்ந்த பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து செடியடியில் கிடந்த கறுப்புக் கட்டிகளைப் பொறுக்கினேன். என் மகள் எண்ணிக்கொண்டே பொறுக்கினாள். இருநூற்றுப் பதினொன்றோடு அலுத்துப்போய் எழுந்துவிட்டாள். எல்லாவற்றையும் பொறுக்க முடியாது, அவை மண்ணோடு மண்ணாக இருக்கும். மிச்சத்தைப் புதைக்கத்தான் மூடாக்கு. வசந்தம் வருவதற்குள், கிண்ணம் முளைப்பதற்குள், பைன் பட்டைத் துண்டும் மரத்தூளும் கலந்து ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரப்பினேன். அந்தக் கிண்ணங்களின் காம்பு அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே எட்டாது. எட்டாவிட்டால் வித்து காற்றுக்கு வராது. அவ்வளவுதான் சூட்சுமம். புளூபெர்ரியின் வேர் மேலோட்டமாக ஓடுவதால் அதற்கும் இந்த மூடாக்கு சுகம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, பள்ளமான மூலையில் இருந்த ட்யூக் என்ற ரகச் செடி வேறு ஒரு நோயில் படுத்துவிட்டது. கோடை நடுவிலேயே இலை சிவந்தது. செடி வளரவே இல்லை. சத்துக் குறைவு என்று உரம் வைத்தேன். இன்னும் சிவந்தது. அந்த மாதம் அப்பா வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவர், புளூபெர்ரியை அதுவரை பார்த்ததே இல்லை. செடியைப் பார்க்கவில்லை, நேரே குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார்.

"ஏம்மா, இதுக்குத் தண்ணி விடுறியா, குளிப்பாட்டுறியா?"

"இல்லப்பா, மழைத் தண்ணியும் அந்த மூலைக்குத்தான் வருது."

"அப்ப மேல பாத்து என்ன புண்ணியம்? வேரைப் பாரு."

பக்கத்தில் தோண்டி ஒரு வேரை இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிவேர் கறுத்துப்போய், விரலால் உருவியதும் தோல் கழன்று வந்தது. அப்பாவுக்கு அந்த நோயின் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "அழுகல்" என்றார். பெயர் பைட்டோப்தோரா வேரழுகல்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். தலைப்பில் பூஞ்சை என்று போட்டுவிட்டேன், ஆனால் பைட்டோப்தோரா உண்மையில் பூஞ்சையே இல்லை. பூஞ்சைபோல இழை விடும், பூஞ்சைபோல அழுகவைக்கும். ஆனால் அதன் செல்சுவர் செல்லுலோசால் ஆனது, பூஞ்சையுடையது கைட்டினால் ஆனது. உறவுமுறை பார்த்தால் அது பழுப்புப் பாசிகளின் பக்கத்து வீடு. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். என் ட்யூக்கைக் கொன்ற வகைக்குப் பைட்டோப்தோரா சின்னமோமி என்று பெயர். பெயரிலேயே இலவங்கப்பட்டை மணக்கிறதல்லவா? 1922-இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களில் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணில் நிற்கிற தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகும். அப்பா சொன்ன "குளிப்பாட்டுறியா" என்ற கேள்வியின் முழு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அதற்கு நீச்சல்குளம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ட்யூக்கைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்தில் இன்னொரு புளூபெர்ரி நட மனமில்லை, நடவும் கூடாது, அது மண்ணிலேயே ரொம்ப நாள் கிடக்கும். மிச்சச் செடிகளைச் சுற்றி மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்தி ஆக்கினோம். அப்பாதான் மண்வெட்டி பிடித்தார், எனக்குத் தரவே இல்லை.

அந்த மேட்டுப்பாத்தி போடும்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டேன். புளூபெர்ரியின் நல்ல வேரை உற்றுப் பார்த்தால் முடி போல மெல்லியதாக இருக்கும், ஆனால் வேர்த்தூவிகள் கிடையாது. தூவி செய்ய வேண்டிய வேலையை வேரின் வெளிச்செல்களுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை செய்கிறது. அமில மண்ணில் எளிதில் கிடைக்காத தழைச்சத்தை அதுதான் எடுத்துக் கொடுக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவில் 1910-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் செடிக்கு அமில மண் வேண்டும் என்பதையும், அதன் வேரில் பூஞ்சை இருப்பதையும் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு இது காட்டில் போய்ப் பறிக்கிற பழம்தான். தோட்ட மண்ணில் வைத்தால் செத்துப்போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் அவருக்குக் கடிதம் எழுதி, இருவரும் சேர்ந்து வேலை செய்து, 1916-இல் பயிர்செய்த முதல் பழங்கள் விற்பனைக்கு வந்தன. ஆக, பூஞ்சை என்றாலே மருந்துப் புட்டியைத் தேடும் என் கை அன்றிலிருந்து கொஞ்சம் தயங்குகிறது. கண்டபடி மண்ணில் ஊற்றினால் சோறு போடுகிறவனுக்கும் சேர்த்துத்தானே விஷம்?

கிளை கருகும் நோய் ஒருமுறை வந்தது. செடி முழுக்கப் பச்சையாக இருக்க, ஒரே ஒரு கிளை மட்டும் சில நாட்களில் பழுப்பாகி, இலைகூட உதிராமல் கொடிபோல் தொங்கியது. வெட்டிப் பிளந்து பார்த்தால் உள்ளே பாதி வெள்ளை, பாதி இளம்பழுப்பு. பாட்ரியோஸ்பேரியா வகைப் பூஞ்சையின் கைவண்ணம். காயம் பட்ட இடத்தின் வழியாக நுழையும். அதற்கு மருந்து தேடாமல், பழுப்பு முடிகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் கீழே இறங்கி வெட்டிவிட வேண்டும். வெட்டிய கத்தரியை ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கிளை. கிளையைத் தோட்டத்தில் போடக் கூடாது. கெட்ட காயைச் செடியடியில் போட்டுப் பட்டவளுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாம்பல் பூசணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூக்கும் நேரத்தில் நாள்கணக்கில் தூறலும் குளிரும் இருந்தால் பூவெல்லாம் பழுப்பாகி, காய்மேல் ஒட்டிக்கொண்டு, சாம்பல் முடி முளைக்கும். வெயில் வந்தால் பரவுவது நின்றுவிடும். எக்ஸோபேசிடியம் என்று ஒன்று உண்டு, இலையிலும் காயிலும் வெளிர்பச்சைப் புள்ளி போடும், காய் நீலமானாலும் அந்த வட்டம் மட்டும் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். என் செடிகளில் அது இன்னும் வரவில்லை. தேயிலைக்கு வரும் கொப்புள நோய் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்.

ஆனால் ஆந்த்ராக்னோஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அது என் மானத்தை வாங்கியது. மூடாக்குப் போட்ட வருடம் மம்மிக் காய்கள் வெகுவாகக் குறைந்தன. நல்ல பழம். ஒரு பெட்டி நிறையப் பறித்து, தெரிந்தவர் வீட்டுக்குப் பெருமையாகக் கொடுத்தனுப்பினேன். பறிக்கும்போது ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் போட்டேன், ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா படம் அனுப்பினார். பழங்களின் பூநுனிப் பக்கம் பள்ளமாகி, அதில் ஆரஞ்சு நிறத்தில் பிசின்போலச் சொட்டுகள். "இது ஏதாவது புது வகையா?" என்று கேட்டிருந்தார். பாவம், நாகரிகமானவர்.

அந்த ஆரஞ்சுச் சொட்டு முழுக்க வித்துகள். பூஞ்சை காலட்டாட்ரைக்கம். குளிர்காலத்தில் மொட்டுச் செதில்களிலும் காய்ந்த குச்சிகளிலும் தூங்கிவிட்டு, பூக்கும் காலத்திலிருந்து மழைத்துளி தெறிக்கத் தெறிக்கப் பிஞ்சின்மேல் ஏறிக்கொள்கிறது. ஏறிய பிறகு ஒன்றும் செய்யாது. பிஞ்சு காயாகி, காய் பழமாகிச் சர்க்கரை சேரும்வரை வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். அதனால்தான் பறிக்கும்போது எதுவும் தெரிவதில்லை. நோய் என் கிண்ணத்துக்கு வந்தது கோடையில், என் செடிக்கு வந்தது வசந்தத்தில். மம்மிக் காயும் இப்படித்தான், வேரழுகலும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் நான் பார்க்கிற நாளுக்கும் அது நடந்த நாளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மாதமாவது இருக்கிறது.

தெறிக்கும் துளி என்று படித்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் தினமும் மாலையில் தலைக்குமேல் சுற்றும் ஸ்பிரிங்க்ளர் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். இரவு முழுக்க இலையும் பூவும் காயும் நனைந்தே கிடக்கும். மழை இல்லாத நாளில்கூட நான் மழை பெய்வித்திருக்கிறேன். அந்த வார இறுதியிலேயே அதைக் கழற்றிவிட்டுச் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். நடுவில் அடைத்துக்கொண்டிருந்த கிழட்டுக் கிளைகளைக் கவாத்தில் எடுத்துக் காற்றோட்டம் விட்டேன். பழுத்ததைச் செடியிலேயே விட்டுவைக்காமல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிறேன், ஈரத்தோடு பறிப்பதில்லை, பறித்தவுடன் குளிரில் வைத்துவிடுகிறேன்.

ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் புளூகிராப், ஜெர்ஸி செடிகளின் பழம். பக்கத்திலேயே நிற்கும் எலியட் இரண்டிலும் ஆரஞ்சுச் சொட்டு ஒன்றுகூட இல்லை, அவற்றின் மேலும் அதே ஸ்பிரிங்க்ளர்தான் சுற்றியது. எலியட்டுக்கு இந்த நோயை எதிர்க்கும் குணம் உண்டு, மற்ற இரண்டும் எளிதில் மாட்டிக்கொள்ளும். செடி வாங்கும்போது பழம் எவ்வளவு பெரியது, எவ்வளவு இனிப்பு என்று கேட்டேனே ஒழிய, எதற்கெல்லாம் நோய் வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எலியட் கொஞ்சம் புளிப்பு, கடைசியில்தான் பழுக்கும். அதனாலேயே அதை ஓரமாக நட்டிருந்தேன். இப்போது ட்யூக் போன கணக்கில் நல்ல மேட்டில் இன்னொரு எலியட் வைத்திருக்கிறேன்.

போன வாரம் இலைமொட்டு விரிய ஆரம்பித்தது. இந்த முறை செடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் டார்ச்சும் மகளின் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு செடியடியில் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆறு செடி வரை ஒன்றுமில்லை. ஏழாவது, ஓரத்து ஜெர்ஸி. மழைத்தண்ணீர் ஓடிய இடத்தில் மூடாக்கு ஒரு கையகலத்துக்கு விலகியிருந்தது. அங்கே மூன்று கிண்ணங்கள், பழுப்பு நிறத்தில், வாயைத் திறந்துகொண்டு. அருகில் மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. மெதுவாகக் கத்தியை விட்டு அடியோடு பெயர்த்தேன், கீழே கறுப்பாக ஒரு காய், பூசணிக்காய் வரிகளோடு. பையில் போட்டுக் கட்டிவிட்டு மரத்தூள் எடுத்துவரப் போனேன்.